எடைமேடை

இறக்கை இல்லாமல்தான் வந்ததாம்,
இரண்டு டிரெய்லரில், ராத்திரி.
எர்ணாவூர் பாலத்தடியில் வால் இடித்து
ஒரு மணி நேரம்
பின்னால் நின்ற கன்டெய்னர் லாரிகள்
ஹாரன் அடித்தே தீர்த்தனவாம்.

இது மூன்றாவது ஞாயிறு.
வாட்ச்மேன் தஸ்தகீருக்கு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கெட்.
"நம்பரை மட்டும் எடுக்காதீங்க" என்கிறார்.
நம்பர் மேல் சாம்பல் பெயின்ட் அடித்திருக்கிறது.
நாலரை மணி வெயில் சாய்வாக விழுந்தால்
அடியிலிருந்து ஓர் ஏழு எழுந்து வரும்.
அதற்குத்தான் வருகிறேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.

சக்கரக் குழியில் நாய் குட்டி போட்டிருக்கிறது.
விமானியின் இருக்கையில் யாருடைய டிபன் கேரியரோ.
உரக் கம்பெனிப் பக்கமிருந்து அமோனியா,
லென்ஸில் நிலக்கரித் தூள்.
துடைக்கிறேன், எடுக்கிறேன், துடைக்கிறேன்.

"கப்பலே அறுத்துக்கீறேன் சார்,
இது இன்னா, தகர டப்பா"
காசிமேட்டு அருளப்பன்
தரைத்தகட்டில் கடப்பாரையை விட்டு நெம்பினான்.

உள்ளிருந்து பொலபொலவென்று
மணல்.

செம்மஞ்சள், மாவு மாதிரி.
நம் கடற்கரையில் இந்த நிறம் கிடையாது.
எந்தப் பாலைவனத்தில்
எத்தனை வருஷம் சும்மா நின்றபோது ஏறியதோ,
ஒன்றரைப் படி இருக்கும்.
நுனி விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.
"உப்பே இல்லியே சார் இதுல."

கேமராவைத் தூக்குவதற்குள்
காலால் தள்ளிவிட்டான் மணலிச் சேற்றில்.
மண்ணோடு போனால்
எடைமேடையில் கிலோ கழிப்பார்களாம்.

வால் பக்கம் ஓடினேன்.
ஏழு போயிருந்தது.