படி

பாதாளச் சாக்கடைக்குத் தோண்ட வந்த ஜேசிபி
ஆனையூரில் எங்கள் வாசலில்
பின்னால் பார்க்காமல் பின்னால் வந்து
மூன்று படியில் முதல் படியை நொறுக்கியது.
அதோடு விட்டிருக்கலாம்.
வாளி இறங்கிய இடத்தில்
மண்ணுக்குள் எங்கள் தண்ணீர்த்தொட்டி.
பக்கச்சுவரில் மேலிருந்து அடிவரை ஒரு கீறல்.

ஆறாயிரம் லிட்டர்.
முந்தின நாள்தான் லாரிக்குக் காசு கொடுத்து நிரப்பியிருந்தோம்.
ராத்திரி முழுக்க அது
யாருக்கும் கேட்காமல் தெருவுக்கு அடியில் நடந்து போனது.
விடிந்தபோது மோட்டார் வெறுங்காற்றை இருமியது.

காம்பவுண்டுச் சுவரில் முழ நீளத்துக்கு
மஞ்சள் பெயிண்ட் தீற்றல்.
சுண்ணாம்பு அடிச்சுரலாம் என்றார் இவர்.
தொடாதீங்க, அது கையெழுத்து என்றேன்.

வார்டு அலுவலகத்தில்
சாக்கடை எங்களுது, பள்ளம் கான்ட்ராக்டருது என்றார்கள்.
கான்ட்ராக்டர் ஆபீஸ் பைபாஸ் ரோட்டில்,
டயர்க்கடை மாடியில்.
ஏசி அறைக்குள் ஒருவர்
ஒப்பந்தத் தாளை என் பக்கம் திருப்பி
பதினேழாம் விதியில் விரலை வைத்தார்:
மூன்றாம் நபருக்கு நேரும் சேதம்
இயந்திரம் வாடகைக்கு விட்டவரைச் சேரும்.

மூன்றாம் நபர்.
என் வீட்டில், என் படியில், நான்.

வண்டிக்காரர் திருமங்கலத்தில் இருந்தார்.
போனில் மட்டும் இருந்தார்.
"டிரைவர் பயலைப் பிடிங்கம்மா,
அவன் சம்பளத்துல கழிச்சுத் தாரேன்."

மனு எழுதினேன்.
பதினோரு வருஷம் ஜவுளிக்கடையில் பில் போட்ட கை,
கூட்டல் தப்பாது:
தொட்டி, படி, ஒரு லோடு தண்ணீர்,
அலைந்ததில் போன நாலு நாள் சம்பளம்.
நாற்பத்தோராயிரத்து எழுநூறு.
நான்கு படிகள் எடுத்து
மூன்றைப் பதிவுத் தபாலில் போட்டேன்.
மிச்சம் ஒன்று பீரோவில்,
வீட்டுக்கடன் பாஸ்புத்தகத்துக்கு அடியில்.
மூன்றாம் பத்தியில் டிரைவர் பெயர்:
மொக்கராசு, உசிலம்பட்டி.

ஒன்பதாம் நாள் பொழுது சாய
அந்தப் பெயர் வாசலில் வந்து நின்றது,
தோளில் ஒரு சிமெண்ட் மூட்டையோடு.
இருபத்திரண்டு வயசு இருக்கும்.
செருப்பைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே கழற்றியிருந்தான்.
"அக்கா, பேரை மட்டும் எடுத்துருங்க.
லைசென்ஸ் போச்சுன்னா வண்டியில ஏத்த மாட்டாய்ங்க.
ஞாயித்துக்கிழமை நானே வந்து பூசித் தாரேன்."

தொட்டி இருக்குன்னு உன்கிட்ட யாரும் சொல்லலையா?
"படம் ஒண்ணும் காட்டலக்கா. நேராப் போன்னாய்ங்க, போனேன்."

அதை எழுதிக் கொடு என்று பேனாவை நீட்டினேன்.
அத்தனை பெரிய வண்டியை இரண்டு விரலால் ஆட்டுகிறவன்
கையைச் சட்டையில் துடைத்தான்,
துடைத்துக்கொண்டே இருந்தான்.

மூட்டையை வாங்கினால்
நஷ்டஈடு பெற்றாயிற்று என்று எழுதிக்கொள்வார்கள்.
வாங்கவில்லை.
அவன் தூக்கிக்கொண்டும் போகவில்லை.

அன்றிரவு கோடைமழை.
எழுந்துபோய் ஒரு சாக்காவது போட்டிருக்கலாம்.
போட்டால் என்னுடையதாகிவிடும் என்று
படுத்தே கிடந்தேன்.
பக்கத்தில் இவரும் தூங்கவில்லை.

காலையில் சிமெண்ட் கல்லாகியிருந்தது.
மூட்டையின் வடிவம் மாறாமல்,
வாய்த் தையலின் சுருக்கம்கூட அப்படியே.

மாநகராட்சியிலிருந்து பதில் வந்தது:
தங்கள் மனு சட்டப்படி பரிசீலனையில் உள்ளது.
இன்னொரு மனு எழுதினேன்.
மூன்றாம் பத்தியில் இப்போது பெயர் இல்லை,
'வரைபடம் காட்டப்படாத ஓட்டுநர்' என்றிருக்கிறது.
அதனால் தொகை ஒரு ரூபாயும் குறையவில்லை.

கேஸ்காரர் முதல் தடவை தயங்கினார்.
இப்போது சிலிண்டரோடு
அந்த மூட்டைமேல்தான் கால் வைத்து ஏறுகிறார்.
இவரும், நானும்.
ஆட்டமில்லை.
பழைய படியைவிட இரண்டு விரல் உயரம் கூடுதல்,
ராத்திரியில் மட்டும் இடறுகிறது.