ஈரம் தொட்டால் அவுட்டு

வலப்பக்கக் கோடு நேற்றுவரை சுண்ணாம்பு.
இன்று அலை ஏறி அழித்துவிட்டது.
நடுவர் நனைந்த மணலைக் காட்டி
"ஈரம் தொட்டா அவுட்டு" என்றார்.
சின்னத்துறை அணியின் ரைட் விங்
அப்படித்தான் கடலோரம் நிற்கிறேன்,
ஒரு கால் நனைந்து, ஒரு கால் காய்ந்து.

எழுபத்தொரு நிமிடம்.
பந்து என்னிடம் வந்தது ஒன்பது தடவை.
ஓடியது எத்தனை?
அதை எண்ண ஆளில்லை.

நடுவில் கிளீட்டஸ்.
முப்பத்தெட்டு நாள் சுறாத்தூண்டில் போட்டுவிட்டு
வியாழக்கிழமைதான் கரையிறங்கினான்.
தரை இன்னும் ஆடுகிறதாம் அவனுக்கு.
ஆனாலும் காலைப் பாருங்கள்,
ஆளைப் பார்த்து அடிப்பதில்லை அவன்.
ஆள் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு அடிக்கிறான்.
அந்த இடத்தில் இப்போது ஒரு நண்டு வளை,
அறுந்த நைலான் கயிறு,
வேறொன்றுமில்லை.
பந்து வானத்தில் இருக்கும்போதே
நான் அங்கே இருந்தாக வேண்டும்.
முந்தினால் ஆஃப்சைடு.
பிந்தினால் பந்து கடலுக்கு,
பின்னாலேயே சட்டையோடு இரண்டு பொடியன்கள்.

என்னைப் பிடிக்க நிற்பவன்
இனயம்காரன் மெல்பின்.
மார்த்தாண்டத்தில் டைல்ஸ் ஏற்றி இறக்குகிற தோள்.
பல்வலிக்குக் கிராம்பு கடித்திருக்கிறான்.
எழுபத்தொரு நிமிடமாக
என் பிடரியில் அந்தக் கிராம்பு.

எண்பத்தாறாவது நிமிடம். கோல் இல்லை.
கிளீட்டஸ் தலையைத் தூக்குகிறான்.
நான் கையைத் தூக்கி, தொண்டை கிழிய,
"எல, இஞ்ச! இஞ்ச போடு!" என்று
கொடிக்கம்பை நோக்கி வெட்டி ஓடுகிறேன்.
மெல்பின் வருகிறான்.
அவனுக்குத் துணையாக இன்னொருவன்.
நடுவில் நிற்க வேண்டிய நெட்டையனும்
இரண்டடி இந்தப் பக்கம் சாய்கிறான்.

இரண்டடி போதும்.

பந்து அந்தப் பக்கம் போகிறது,
பிரடின் தலை,
வலை.

வள்ளங்கள்மேல் நின்றவர்கள் குதிக்கிறார்கள்.
மைக்கில் பிரடின் பெயர் நாலு தடவை.
மொத்த மைதானமும் அவன்மேல் விழுகிறது.
நான் கொடிக்கம்பைப் பிடித்துக் குனிந்து
மூச்சைத் தேடுகிறேன்.
கணுக்காலில் அலை வந்து போகிறது.
நான் அவுட்டு, யாரும் கவனிக்கவில்லை.

மெல்பின் போகவில்லை.
இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்தான்.
"நீ பந்து கேக்கவே இல்ல, இல்லியா மக்கா?"

நான் பேசவில்லை.

"கள்ளன்" என்றான்.
வசவு மாதிரி இல்லை அது.
பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு நடந்தான்.

இன்னும் நாலு நிமிடம்.
ஈரத்துக்கும் காய்ந்ததற்கும் நடுவே
என் இடத்துக்குத் திரும்புகிறேன்.
இனி நான் எவ்வளவு கத்தினாலும்
மெல்பின் நம்பமாட்டான்.

அப்படியென்றால்
இந்தத் தடவை பந்து எனக்குத்தான்.
கையைத் தூக்குகிறேன்.