கூட்டு நோட்டு

ஞாயிறு எட்டரை ஆராதனை, செந்தூல்.
பரமண்டல ஜெபத்தில் எல்லாருடைய குரலும்
ஒரே படகில் ஏறிப் போகும்.
கடன் என்ற சொல் வரும்போது
நான் மட்டும் இறங்கிக்கொள்வேன்.
வாயசைப்பேன். அடுத்த வரியில் ஏறிக்கொள்வேன்.
ஆறு மாதமாக இப்படித்தான்.

மூன்று பெஞ்சுக்கு முன்னால்
என் நாத்தனார் ஹெப்சிபாவின் பின்கழுத்து.
நான் எடுத்துக் கொடுத்த ஊதாச் சேலையில் வந்தால்
எப்படி மனசு வந்தது என்று கோபம்.
வேறு சேலையில் வந்தால்
அதை வாங்கக் காசு ஏது என்று கோபம்.

பன்னிரண்டு பேர் கூட்டு. தலை நான்.
மாதம் இருநூறு வெள்ளி.
பள்ளிக் கேண்டீனில் என்னோடு மீ பிரட்டும் காக் ரொஹானி,
தையல்கடை மிசஸ் லியோங், கீழ்வீட்டு அஞ்சலை,
எல்லாருக்கும் என் முகம்தான் பத்திரம்.
இரண்டாம் மாதமே பணத்தை எடுத்தாள் ஹெப்சிபா,
லோரிக்கு கியர்பாக்ஸ் என்று.
ஆறு மாதம் கட்டினாள். பிறகு கட்டவில்லை.
மிச்சத்தை என் சம்பளம் கட்டியது.
ஆயிரத்து இருநூறு.

‘சொந்தத்துக்குள்ள கணக்குப் பாக்காத’ என்றார் இவர்.
கணக்குப் பார்க்காத சொந்தம் எந்த ஊரில் இருக்கிறது?
பரிசத்துக்கு யார் எத்தனை தட்டு தூக்கினார்கள்,
சாவு வீட்டில் யார் காப்பி குடிக்காமல் கிளம்பினார்கள்,
எல்லாம் எழுதாத நோட்டில் பத்திரமாக இருக்கிறது.
நான் எழுதி வைத்தேன். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு
கெப்போங் போனேன்.
லிஃப்ட் கெட்டிருந்தது. பதினோரு மாடி.
மாடிக்கு ஒரு வசனமாகத் தயார் செய்துகொண்டே ஏறினேன்.
வேத வசனம் அல்ல.

கதவு சிவப்பாக இருந்தது.
கதவு, கிரில், பூட்டு, செருப்பு ரேக்,
பிள்ளையின் பள்ளிக் காலணி ஒன்று.
சுவரில் அவள் புருஷன் பெயர், ஐ.சி. எண்,
என் தொகையைப் போலப் பத்து மடங்கில் ஒரு தொகை.
விடியுமுன் ஆலோங் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் நானே நடத்திய பாடம்:
நிலைக்காலில் ஆட்டுக்குட்டியின் ரத்தம்,
பார்த்துவிட்டுக் கடந்துபோன சங்காரத் தூதன்.
பிள்ளைகளிடம் சிவப்பு கிரேயான் கொடுத்து
கதவு வரையச் சொன்னேன்.
இந்தச் சிவப்பைப் பார்த்து யாரும் கடந்துபோக மாட்டார்கள்.
திரும்பத் திரும்ப வருவார்கள்.
நோட்டோடு வருவார்கள்.

பை தோளை அறுத்தது.

ஹெப்சிபா திறந்தாள். முழங்கைவரை சிவப்பு.
‘அண்ணி, நீங்களும் வந்துட்டீங்களா?’
அந்த ‘உம்’மில்
நான் யாரோடு வரிசையில் நிற்கிறேன் என்று தெரிந்தது.

தின்னர் இருக்கிறதா என்று கேட்டேன்.
இல்லை.
பதினோரு மாடி இறங்கினேன்; டின்னோடு ஏறினேன்.
மத்தியானம் முழுக்கத் தேய்த்தோம்.
பணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
‘அங்க விட்டுட்டீங்க’, ‘இங்க இன்னும் கொஞ்சம்’,
இதுதான் பேச்சு.
பக்கத்து வீட்டு மலாய்ப் பையன்
ஐஸ் மைலோ இரண்டு கட்டு கொண்டுவந்து
கிரில்லில் மாட்டிவிட்டு ஓடிப்போனான்.
எண்கள் அழிந்தன. பெயர் பாதி அழிந்தது.
கதவு ரோஸ் நிறத்தில் நின்றுவிட்டது.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள்.
நோட்டை நான் கிழிக்கவில்லை.
ஆயிரத்து இருநூறு அதே பக்கத்தில் இருக்கிறது,
மூலையில் தின்னர் பட்டு மை கொஞ்சம் ஊறியிருக்கிறது.
ராத்திரி அவரிடம் சொன்னபோது
தங்கைக்காக அழுதார்; எனக்குக் கோபம் திரும்ப வந்தது.

ஞாயிறு, அதே எட்டரை.
விரலிடுக்கில் இன்னும் அந்த வாடை.
கடன் என்ற சொல் வந்தது. நான் இறங்கவில்லை.
குரல் என்று சொல்ல முடியாது, ஒரு செருமல்.
அந்த வரியின் வினைச்சொல் நிகழ்காலத்தில் இருப்பதை
இத்தனை வருஷத்தில் இன்றுதான் கவனித்தேன்.
செய்து முடித்த காரியமாக
அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

வாசலில், குடை விரிக்கிற நெரிசலில்
அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.
‘தின்னர் மிச்சம் இருக்கா?’ என்றேன்.
‘கால் டின்.’
‘தூக்கிப் போட்டுடாத’ என்றேன்.