முதுகு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியள்
வானிலிருந்து இறங்கி முதலில் பார்த்தது வீட்டையல்ல,
வெயிலை.
"நாலு மணிக்கு முற்றத்தில விழுகிற இந்த வெளிச்சம்
காணும் அண்ணை" என்றான் தாடிக்காரன்.
நாளுக்கு ஏழாயிரம். ஐந்து நாள்.
யசோதினி குசினி வாசலில் நின்று சரியென்றாள்,
என்னைப் பார்க்காமல்.
பதினொரு மாதமாக
எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சரி.

என்ன கதை என்று கேட்டேன்.
பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும்
பிரிகிற கதையாம்.
கல்லாற்றில் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் கட்டிலில் அவர்கள் முதுகு காட்டிப் படுத்தார்கள்.
"இன்னும் கொஞ்சம் தள்ளி. இடைவெளி தெரியவேணும்."
நான் யன்னலுக்கு வெளியே
ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றிக்கொண்டு நின்றேன்.
எவ்வளவு தள்ளிப் படுப்பதென்று
எங்களுக்கு ஆரும் சொல்லித்தரவில்லை.

படத்தில் பிள்ளையைக் குளம் கொண்டுபோனது.
எங்களுடையது குளமில்லை.
காணி அவளுடைய சீதனம்.
வீட்டுத்திட்டக் காசு கூரையோடு முடிந்துபோக
பின்வளவு மணலை டிப்பர்காரருக்கு விற்றேன்.
பதினான்கு லோட்.
நிலத்துக்கு மாபிள் பதித்தேன். வெள்ளை.
மார்கழி மழை
நான் தோண்டிய இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.
கபிசன் யோகட் கோப்பையைத் தோணியாக விட்டிருக்கிறான்.
கோப்பை தாழவில்லை.

முப்பத்தொன்றுக்கு வந்த சனம் போனபிறகு
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ஒரு லோட் எவ்வளவுக்குக் குடுத்தனீங்கள்?"
சொன்னேன்.
பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அழுகைக் காட்சி.
நடிகை பரந்தன் வங்கியில் வேலை செய்கிற பிள்ளை.
பள்ளிக்கூடச் சேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
நாலுதரம் அழுதாள்.
ஐந்தாம் தரம் தொடங்கமுன்
யசோதினி நடுவில் வந்து நின்றாள்.
"அழாதேங்கோ தங்கச்சி.
அந்த நேரம் அழுகை வராது.
வந்து சொன்னவுடன அடுப்பில பால் பொங்கினது.
நான் பாலைத்தான் இறக்கினனான்.
ஆடையை எடுத்துக் கரையில வைச்சனான்.
பிறகுதான் ஓடினனான்."

தாடிக்காரன் அவளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
பின்வளவில் வேலி அடைத்திருந்த இடத்தைப் பார்த்தான்.
கமராவின் சிவப்புப் பொட்டு அணையவில்லை.

அன்று வேறு ஒன்றும் எடுக்கவில்லை.
இரவு அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்:
"அக்கா, முடிவு இன்னும் எழுதேல்லை.
கடைசியில ஆர் வெளிக்கிடுறது?"
"காணி ஆற்ற பேரில எண்டு பாருங்கோ" என்றாள்.
அவன் சிரித்தான்.
சிரித்திருக்கக் கூடாதென்று
பாதியில் விளங்கிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் நடிகரைக் காணவில்லை.
கொக்குவிலில் ஆசிரியர், லீவு முடிந்துவிட்டது.
உயரம் சரி, தோள் சரி, முதுகுதானே என்று
அவருடைய சேட்டை எனக்குப் போட்டார்கள்.
கையில் ஒரு பை.
"வெறும் பை எண்டு தெரியுது. பாரமா ஏதும் வையுங்கோ."
யசோதினி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.
வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"கேற்றால வெளியில போங்கோ அண்ணை.
நான் சொல்லும் வரைக்கும் திரும்பாதேங்கோ."

பாரத்தை வைத்தே தெரிந்தது.
சாரம் மூன்று, சவரப் பெட்டி, அடையாள அட்டை,
வங்கிப் புத்தகம்,
அதற்குள் முப்பத்தையாயிரம்.
இதெல்லாம் பிறகு தருமபுரம் சந்தியில் எண்ணியது.
வாசலில் நான் பையைத் திறக்கவில்லை.
பின்னால் "கட்" என்று கத்தினார்கள்.
இரண்டாம் தரமும் கத்தினார்கள்.
அவளுடைய குரல் அதில் இல்லை.

இப்போது மாங்குளத்தில், ஒரு சைக்கிள் கடையில்.
கிரவல் ஏற்ற வரச்சொல்லிக் கேட்பார்கள், நான் போவதில்லை.
போன மாதம் கிளிநொச்சியில் படம் போட்டார்களாம்.
பார்த்துவிட்டு வந்த குகதாஸ்
ரியூப்புக்கு ஒட்டுப்போடக் குந்தியபடி சொன்னான்:
"உன்ர முதுகு நல்லா வந்திருக்கு மச்சான்."

பால் இறக்கிற இடம் வருதோ என்று கேட்டேன்.

யோசித்தான்.
"பாலோ? அப்பிடி ஒண்டும் வரேல்லையே.
வெட்டிப்போட்டாங்கள் போல."