இடது கைக் கையெழுத்து

மரஅறுப்பு ஆலை ஒனெசிம் கொமோ
பூட்ஸ் பனியோடு வந்து உட்கார்ந்தார்.
கட்டைவிரலுக்கு அட்டவணையில் ஒரு விலை;
சுண்டுவிரலுக்கு அதில் பாதிகூட இல்லை.
"சுண்டுவிரல் என்ன பாவம் செய்தது?"
என்னிடம் பதில் இல்லை. காப்பி இருந்தது.

நஷ்டஈட்டுப் பணத்தில்
மிராமிஷி ஆற்றங்கரையில் நிலம் வாங்குகிறாராம்.
பத்திரத்தில் இடது கையால் எழுதினார்.
குடித்துவிட்டு வீடு திரும்பும் எழுத்துகள்.
செல்லும், என்றேன்.

"பழைய உயில்?
அதை எழுதிய விரல்கள் இப்போது இல்லையே."
அதுவும் செல்லும்.

எடுத்துப் பிரித்தேன்:
எல்லாம் லியோனிக்கு.
லியோனி போய் ஒன்பது வருஷம்,
மாங்டனில், ஒரு பல் மருத்துவரோடு.

மாற்றி எழுதலாமே என்று
வெள்ளைத்தாளை நகர்த்தினேன்.
அவர் பழைய தாளையே பார்த்திருந்தார்.
"வலது கை
எவ்வளவு அழகாய் எழுதியிருக்கிறது அவள் பெயரை.
இருக்கட்டும்."