தண்ணீருக்குள் நிற்கும் புள்ளி

குறுமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப்
பாதையில் போகிறேன்.
ஆற்றில் மிதக்கிற இரும்புத் தகட்டுக்கு
எங்கள் பக்கம் அதுதான் பேர்.
மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு உழவு இயந்திரம்,
என் ஸ்கூட்டி. இருக்கைக்குக் கீழே
தராசு, அளவுநாடா, இரும்புச்சத்து மாத்திரை.
நடு ஆற்றில் போன் அடித்தது.
"என்னகா புள்ள, தண்ணிக்குள்ள நிக்காய்?"

அம்மா ஆரையம்பதியில்
வரைபடத்தை விரலால் பெருக்கிக்கொண்டிருந்தாள்.
நான் ஒரு நீலப் புள்ளி, சுற்றிவர வாவி.
பாதையில் போறன் என்றேன்.
"பாதை ஒண்டும் காட்டல்லியே" என்றாள்.

எனக்கு முப்பத்திமூன்று வயது.
குடும்பநல மருத்துவ மாது.
படுவான்கரையில் நாலு கிராமம்,
இந்த மாதக் கணக்குக்கு நாற்பத்தியேழு வயிறுகள்.

புள்ளியைத் திறந்துவிட்டவள் நானேதான்.
வெள்ளத்துக்கு வெல்லாவெளியில் இரண்டு நாள் அகப்பட்டுத்
திரும்பி வந்தபோது அம்மா ஏசவில்லை.
"கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.
தம்பி கட்டாரிலிருந்து சொல்லிக்கொடுக்க
'எப்போதும்' என்பதை அழுத்தினேன்.
'ஒரு மணித்தியாலம்' என்றும் அதற்கு மேலே ஒன்று இருந்தது.

தொண்ணூறில் அம்மாவின் தமையன்
மண்ணெண்ணெய் வாங்கப் போனார்.
எங்கள் வீட்டில் இதைப்பற்றி இவ்வளவுதான் பேச்சு.

மூன்று வருடம் நல்லாத்தான் போனது.
என் பற்றரி எத்தனை வீதம் என்பதும் அவளுக்குத் தெரியும்.
சம்பளத்தன்று களுவாஞ்சிகுடியில்
தனியே இருந்து ஐஸ்கிறீம் தின்றால்
"குளிர் உனக்கு ஒத்துக்காது" என்று செய்தி வரும்.
சிரித்துக்கொண்டு ஒரு கரண்டி மிச்சம் விடுவேன்.

பிறகு ஒரு செவ்வாய்.
"அந்த வாய்க்கால் முடக்கு வீட்டில
ஒண்டேகால் மணித்தியாலம் நிண்டிருக்காய்.
கலியாணம் முடிச்ச பொம்புள ஆரும் அங்க இல்லையே?"

அம்மாவுக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு.
கூட்டிக் கழிக்கவும் தெரியும்.
என் பையில் பேர் எழுதாத ஒரு அட்டை.
பத்தொன்பது வயது. கதவைச் சாத்தி,
றேடியோவைக் கூட்டிவைத்து,
அதற்குப் பிறகும் காதுக்குள்தான் பேசினாள்.
நானோ சட்டைப் பைக்குள் வைத்து
அம்மாவைக் கொண்டுபோய்
அவள் கட்டிலில் இருத்தியிருக்கிறேன்.

வெயில், தண்ணி குடிக்கப் போனனான் என்றேன்.
ஒன்றேகால் மணித்தியாலத் தண்ணி.

அன்றிரவு அணைத்தேன்.
பத்து நிமிடத்தில் பதினோரு அழைப்பு.
"உயிரோடதான் இருக்கன்" என்றேன்.
"அதத்தான் கேக்கன்" என்றாள்.

அவளுக்கு ஒன்று சொல்லவில்லை.
தம்பி அன்றைக்கு அவளுடைய போனிலும்
அதே 'எப்போதும்' போட்டுவிட்டான்.
மாதத்தில் ஒரு வெள்ளி
கோயிலுக்கு என்று வெளிக்கிடும் அம்மா
கல்லாற்றில், கோயில் இல்லாத ஒரு குறுக்கு வீதியில்
நாற்பது நிமிடம் நிற்கிறாள்.
ஆர் வீடு, என்ன விசயம், நான் கேட்டதில்லை.
பெருக்கிப் பார்த்ததுமில்லை.
இல்லை, ஒருதரம் பார்த்தேன்:
தகரக் கூரை, பக்கத்தில் ஒரு தென்னையின் வட்டு.
மூடிவிட்டேன்.

இப்போது எங்களுக்குள் ஒரு உடன்பாடு.
காலையில் அக்கரையில் இறங்கியதும் ஒரு சொல்: படுவான்.
பின்னேரம் இக்கரையில் இறங்கியதும்: எழுவான்.
நடுவில் உள்ளதை அவள் கேட்கமாட்டாள்.
கேட்க வாய் உன்னுவது
அவள் சாப்பாட்டுக் கோப்பையை வைக்கிற சத்தத்தில் தெரியும்.

நேற்று நல்ல மழை. பாதை பிந்திவிட்டது.
எழுவான் என்று அடித்தேன்; போகாமல் சுற்றிக்கொண்டு நின்றது.
துறையில் ஆலமரத்தடிக் கடையோரம்
குடையோடு அம்மா.
சேலைக்கரை முழங்கால்வரை நனைந்திருந்தது.
"எத்தின தரம் எடுத்தனான், போன் எங்க?"
"அது வீட்டில கிடக்கு" என்றாள்
ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

நேற்று வெள்ளிக்கிழமை.

குடைக்குள் இரண்டு பேர் கொள்ளவில்லை.
ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நான் நனைந்து வந்தேன்.
ஓந்தாச்சிமடம் தாண்டும்போது சிக்னல் வந்தது.
ஆரையம்பதியில், பூட்டிய வீட்டில்,
மேசைமேல் ஒரு வெளிச்சம்
எழுவான் என்று வந்து அணைந்திருக்கும்.