அ.சா. 3

இரவு பத்தரைக்கு வருவான்
பொய்யைக் கண்டுபிடிக்கும் நிபுணன்.
கோட்டுப் போட்டவன். ஓடும் படத்தை நிறுத்தி
கொலைகாரன் கன்னத்தில் ஒரு துடிப்பை
விரலால் தொட்டுக் காட்டுவான்:
"இதோ, இங்கேதான் மாட்டினான்."
எந்த ஊர்க்காரனோ.
அவன் உதடு முடித்துக்கொண்ட பிறகும்
குரல் தமிழில் ஓடிக்கொண்டிருக்கும்.
மாட்டியது இவன்தானோ என்று தோன்றும் எனக்கு.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் தட்டச்சு வேலை.
தை மாதம் ஒரு காலை
வாய் கொப்பளித்த தண்ணீர்
என்னைக் கேட்காமல் இடது பக்கமாய் வழிந்தது.
ஜிப்மரில் அதற்கொரு பெயர் சொன்னார்கள்.
மாத்திரை தந்தார்கள்.
பெரும்பாலும் வந்துடும் என்றார்கள்,
அந்தப் பெரும்பாலும் என்னோடு பஸ் ஏறி
கடலூர் வரை வந்தது.
கண்ணாடி முன் ஆ, ஈ, ஊ.
ராத்திரியில் ஒரு பலூன்.
வலது கன்னம் சொல்லும்.
இடது கன்னம் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி
கேட்டுக்கொண்டு நிற்கும்.

நேற்று ஒரு படகு மோட்டார் திருட்டு.
அ.சா. 3, அஞ்சலாட்சி, தேவனாம்பட்டினம்,
கருவாட்டு வியாபாரம்.
கூண்டில் ஏறியதும் மூக்கைத் தொட்டாள்.
நிபுணன் துள்ளியிருப்பான்.
மூக்குத்தி புதுசு, புண் ஆறவில்லை,
அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி படகுகிட்ட யாரைப் பாத்தீங்க?
யாரையும் பாக்கலைங்க.
போலீஸ்ல சொல்லியிருக்கீங்களே?
போலீசு என்னை விசாரிக்கவே... இல்லைங்க.

நான் அடித்தேன்:
எனக்கு வழக்குச் சங்கதி எதுவும் தெரியாது.
காவல் துறையினர் என்னை விசாரிக்கவில்லை.
இந்த இரண்டு வரியும் என் விரலுக்கு மனப்பாடம்.
யார் வாயிலிருந்து வந்தாலும் அதே வேகம்.
விசாரிக்கவே என்று சொல்லி
இல்லை என்பதற்குள்
அவள் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தாள்.
அதற்கு என் விசைப்பலகையில் கட்டை கிடையாது.
வெளியே டீக்கடையில்
எதிரியின் அண்ணன்
அவள் மகனுக்குப் பன் வாங்கித் தந்துகொண்டிருந்தான்.
தோளில் கை.
தாய்மாமன் தோற்றான்.

பிறழ் சாட்சி என்றார்கள். நான் அதையும் அடித்தேன்.
படித்துக் காட்டி, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.
படித்துக் காட்டியது நான்.
ப வரும்போதெல்லாம் காற்று ஒழுகியது.
தாளைப் பார்க்காமல்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள்
பேனாவை வாங்கும்போது மெல்லச் சொன்னாள்:
"எங்க நாத்தனாவுக்கும் இப்படித்தான் இழுத்துச்சு.
ஆறே மாசம். நேரா வந்துடுச்சு."
யாரும் கேட்காத கேள்விக்கு
மூக்கைத் தொடாமல்,
ஜன்னலைப் பார்க்காமல்.
அவளுக்கு நாத்தனார் உண்டா
என்பது வழக்கில் இல்லை.

வீட்டில் சபாநாயகம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு
பலூனோடு காத்திருந்தார்.
ஊதினேன். இடது ஓரமாய்ப் பாதிக் காற்று
பஞ்சரான டியூப்பின் சத்தத்தோடு போனது.
அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார்.
எனக்கும் வந்தது, பாதி.
திரையில் நிபுணன்
யாரோ ஒருத்தியின் புருவத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.

"நேத்தைவிடப் பெருசு" என்றார் இவர்,
முடிச்சுப் போடுகிற சாக்கில் தலையைக் குனிந்து.
காதுமடல் சிவந்திருந்தது.
பதினெட்டு வருஷமாய் எனக்குத் தெரிந்த காது.

நேற்றைய பலூன் டிவிக்குப் பின்னால் கிடந்தது,
ஒரே பகலில் சுருங்கி,
ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் கூட.
எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பெருசுதான்.